படிச்சது எங்க இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆராய்ச்சிக் குறிப்பு எடுக்குறதைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், கட்டுரைகளைச் சேத்து வச்சு ஒண்ணோட ஒண்ணு லிங்க் போட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர்களைப் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு கடைசியில சொல்லியிருந்தேன், அவ்வளவுதான், கடிதமா வந்து குவிஞ்சிருச்சு. அதுல நெறைய கடிதம் எல்லைப் பக்கத்துல இருந்து, செங்கோட்டை, பாறசாலை, கொழிஞ்சாம்பாறை, மூணாறு, குப்பம்னு. எனக்கு அதுல ஆச்சரியமில்ல. தமிழ்ல ஒண்ணு, மலையாளத்துல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு ஒரே விஷயத்தை மூணு மொழியில தப்பித் தப்பிப் படிக்கிறவங்க நாம (எங்க விளவங்கோடு பக்கம் தேடுறதைத் தப்புறதுன்னுதான் சொல்லுவோம்), குறிப்பு சிதறுறதும் நமக்குத்தான் அதிகம். இருபது வருஷத்துக்கு மேல காலேஜ் லைப்ரரியில இருந்து பாத்ததை வச்சு சொல்றேன்.

கேள்வி: எனக்கு ஊரு களியக்காவிளை. தினமும் பஸ்ல திருவனந்தபுரம் போய் பிஎச்டி பண்றேன், தலைப்பு தோள்சீலைப் போராட்டம், அதாவது நாடார் பெண்கள் மேல்துணி போடுற உரிமைக்காக நடந்தது. லேப்டாப்ல 400 பிடிஎஃப்க்கு மேல கெடக்கு, மூணு நோட்புக் நெறைஞ்சிருக்கு, ஆவணக் காப்பகத்துல ஃபோன்ல எடுத்த ஃபோட்டோவுக்குக் கணக்கே இல்ல. போன வாரம் கைடு "இந்தத் தகவலை எங்க பாத்தே"ன்னு கேட்டாங்க, ரெண்டு நாள் தேடியும் கிடைக்கல. ஹைப்பர்டெக்ஸ்ட் சாஃப்ட்வேர் போட்டா சரியாகும்னு சீனியர் அக்கா சொன்னாங்க. அது என்ன சார், எதைப் போடணும்?

பதில்: மக்களே, வெப்ராளப்பட வேண்டாம், ரெண்டு நாள் தேடினது உங்க தப்பு இல்ல, ரெண்டு வேலையை ஒரே ஃபோல்டர்ல போட்டுக் கலந்து வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். எந்தப் புத்தகம் எங்க இருக்கு, யாரு எழுதுனது, எந்த வருஷம், எந்தப் பக்கம்ங்கிறது ஒரு வேலை. இந்தப் புத்தகம் சொல்றதுக்கும் அந்தக் கட்டுரை சொல்றதுக்கும் என்ன தொடர்புங்கிறது வேற வேலை.

முதல் வேலைக்கு ஜோட்டெரோங்கிற சாஃப்ட்வேர் போடுங்க. 2006ல அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டியில வரலாற்று ஆராய்ச்சி பண்றவங்களே சேந்து கொண்டுவந்தது, காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். பிடிஎஃப்பை உள்ள இழுத்துப் போட்டா, புதுக் கட்டுரையா இருந்தா ஆசிரியர், தலைப்பு, வருஷம் எல்லாத்தையும் அதுவே பெரும்பாலும் கண்டுபிடிச்சுப் போட்டுக்கும், ஐஎஸ்பிஎன் நம்பர் குடுத்தாலும் எடுத்துக்கும். நம்ம பழைய புத்தகங்களுக்கும் காப்பக ஃபோட்டோவுக்கும் அது நடக்காது, நீங்களே கையால டைப் பண்ணணும், ஒரு புத்தகத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், அந்த ரெண்டு நிமிஷத்தைச் சோம்பல் படாம குடுத்துருங்க, ஏன்னா தீசிஸ் முடிவுல துணைநூல் பட்டியலை அதுவே வேர்ட்ல போட்டுத் தந்துரும். 2022ல வந்த ஆறாவது வெர்ஷன்ல இருந்து அதுக்குள்ளயே பிடிஎஃப்பைத் திறந்து ஹைலைட் பண்ணலாம், ஓரத்துல குறிப்பு எழுதலாம். ஹைலைட் பண்ணுனதையெல்லாம் ஒரே கிளிக்ல ஒரு நோட்டா எடுக்கலாம், அந்த நோட்டுல ஒவ்வொரு மேற்கோளையும் தட்டினா அது இருந்த பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுரும். உங்க கைடு கேட்ட கேள்விக்கு பதில் அதுதான்.

இனி ரெண்டாவது வேலை. இங்கதான் ஹைப்பர்டெக்ஸ்ட் வருது. பேரு பெருசா இருக்கே தவிர, ஒரு வார்த்தையைத் தட்டினா இன்னொரு பக்கம் திறக்குற எழுத்து, அவ்வளவுதான், நீங்க இன்டர்நெட்ல தினமும் பாக்குறது. அதே மாதிரி உங்க சொந்தக் குறிப்புகளுக்குள்ள வழி போட்டு வைக்கிறதுக்கு ஆப்சிடியன், லாக்சீக்னு சிலது இருக்கு. நான் ஆப்சிடியன் வச்சிருக்கேன். ஒரு குறிப்பை எழுதும்போது ஏதாவது பேரை ரெண்டு சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டா அந்தப் பேருல இன்னொரு பக்கம் உண்டாகிரும், அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பாத்தா இதை யாரு யாரெல்லாம் குறிப்பிட்டிருக்காங்கன்னு திரும்பிவர்ற லிங்க்கும் காட்டும்.

உங்க தலைப்பையே எடுத்துச் சொல்றேன். "1859 ஜூலை 26 பிரகடனம்"னு ஒரு பக்கம் திறங்க. திருவிதாங்கூர் ராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா நாடார் பெண்கள் மேல்துணி போட்டுக்கலாம்னு சொன்னதும், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு நிபந்தனை வச்சதும் அதுல இருக்கட்டும். அதுக்குக் கீழ [[மேட்டீர் 1871]], [[நாகமய்யா 1906]], [[ஹார்ட்கிரேவ் 1969]]னு மூணு புத்தகத்துக்கும் மூணு லிங்க் போடுவீங்க. எல்லாரும் இதோட நிறுத்திருவாங்க. ஆறு மாசம் கழிச்சுத் திறந்தா மூணு பேரு மட்டும் நிக்கும், எதுக்குப் போட்டோம்னு நமக்கே தெரியாது. அதனால ஒவ்வொரு லிங்க் பக்கத்துலயும் ஒரு வரி கட்டாயம் எழுதுங்க, "மேட்டீர் லண்டன் மிஷன் ஆளு, கலவரம் நடந்த அந்த வருஷமே திருவிதாங்கூர் வந்தவரு, மிஷன் பக்கம் நின்னு எழுதுறாரு, அவரு சொல்றதை அரசுக் கடிதத்தோட ஒத்துப் பாக்கணும்", "நாகமய்யா அரசு அதிகாரி, திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் எழுதுனதே அரசாங்கத்துக்காக, எதை விட்டாருன்னு பாரு", "ஹார்ட்கிரேவ் நூறு வருஷம் கழிச்சு வந்த அரசியல் ஆய்வாளர், மேல ரெண்டு பேரையும் எங்க எடுத்தாளுறாருன்னு அடிக்குறிப்பைப் பாரு". இப்ப அந்தப் பக்கத்தைப் படிச்சா உங்க தீசிஸோட ஒரு பத்தி அதுக்குள்ள ஏற்கனவே இருக்கு. லிங்க் போடுறது விரல் வேலை, ஏன் போட்டேன்னு எழுதுற அந்த ஒரு வரிதான் மூளை வேலை, எந்த சாஃப்ட்வேரும் அதை உங்களுக்காகச் செய்யாது, செஞ்சாலும் அது உங்க ஆராய்ச்சியா இருக்காது.

இன்னொண்ணு, உங்க தலைப்புக்கே எத்தனை பேருன்னு பாருங்க, தமிழ்ல தோள்சீலைப் போராட்டம், தோள்சீலைக் கலகம், மலையாளத்துல சாந்நார் லஹள, மேல்முண்டு சமரம், மாறுமறைக்கல் சமரம், இங்கிலீஷ்ல அப்பர் கிளாத், பிரெஸ்ட் கிளாத்னு வேற. ஒரு பேருல தேடினா மத்தது வராது. ஆப்சிடியன்ல ஒரு பக்கத்துக்கு மாற்றுப் பேரு குடுக்குற வசதி இருக்கு, இத்தனை பேரையும் அதுல போட்டுருங்க, எதை டைப் பண்ணுனாலும் அதே பக்கம் வரும். அது மட்டுமில்ல, போராட்டம்னு யாரு சொன்னா, கலகம்னு யாரு சொன்னாங்கிறதே தனியா ஒரு குறிப்புக்கு உண்டான விஷயம், அதையும் விட்டுராதீங்க.

400 பிடிஎஃப்பையும் ஒரே ராத்திரியில உள்ள தள்ள உக்காராதீங்க. இந்த வாரம் எழுதுற அத்தியாயத்துக்கு வேண்டிய இருபதை மட்டும் போடுங்க. மிச்சம் பைய வரட்டும்.

கேள்வி: நான் செங்கோட்டையில ரிட்டையர்டு தமிழாசிரியர். ஹைப்பர்டெக்ஸ்ட் யாரு கண்டுபிடிச்சது? நம்ம உரையாசிரியர்கள் ஒரு பாட்டுக்கு உரை எழுதும்போது இன்னொரு நூல்ல இருந்து மேற்கோள் காட்டுறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

பதில்: சார், ரொம்ப நாளா நான் யோசிச்சிட்டு இருந்த விஷயத்தைத் தொட்டுட்டீங்க. முதல்ல வரலாறைச் சொல்லிருதேன். 1945 ஜூலையில வன்னேவர் புஷ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி அட்லாண்டிக் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதுனாரு. ஆராய்ச்சிக் கட்டுரை மலை மாதிரி குவியுது, அகர வரிசையில அடுக்கி வச்சா மனுஷ மனசு ஓடுற வழிக்கு அது ஒத்து வரல, மனசு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுது, அதனால மேஜை மாதிரி ஒரு மெஷின், உள்ள மைக்ரோஃபிலிம்ல புத்தகங்கள், படிக்கிறவன் ரெண்டு பக்கத்தை சேத்துக் கட்டி ஒரு தடம் போட்டு வைக்கலாம், அந்தத் தடத்தை நண்பனுக்கும் குடுக்கலாம்னாரு. மெமெக்ஸ்னு அதுக்குப் பேரு வச்சாரு, செய்யவே இல்ல, ஆனா யோசனை பலிச்சுது. ஹைப்பர்டெக்ஸ்ட்ங்கிற வார்த்தையை டெட் நெல்சன் 1965ல ஒரு கருத்தரங்கக் கட்டுரையில அச்சுல கொண்டுவந்தாரு. 1968 டிசம்பர் 9ல டக்ளஸ் எங்கல்பார்ட் சான்ஃபிரான்சிஸ்கோவுல மவுஸ் வச்சு லிங்க்கைத் தட்டிக் காட்டுனாரு. 1980கள்ல ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சி நிலையத்துல நோட்கார்ட்ஸ்னு ஒண்ணு செஞ்சாங்க, எனக்கு இந்த வரலாறுல ரொம்பப் பிடிச்சது அதுதான், ஏன்னா அதுல ஒரு சீட்டுக்கும் இன்னொரு சீட்டுக்கும் லிங்க் போட்டா அது என்ன வகை லிங்க்குன்னு பேரு குடுக்கணும், ஆதாரமா, மறுப்பா, எடுத்துக்காட்டான்னு. 1989ல டிம் பெர்னர்ஸ்லீ வெப்புக்கு யோசனை எழுதிக் குடுத்தாரு, உலகமே லிங்க் போட ஆரம்பிச்சுது, ஆனா அந்த லிங்க் ஒருவழிப் பாதை, நான் உங்களைக் காட்டினா உங்களுக்கு அது தெரியாது.

இப்ப நம்ம உரைக்கு வருவோம். நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணிக்கு உரை எழுதும்போது அங்கங்க சங்கப் பாட்டு வரிகளை எடுத்து வைக்கிறாரு, பல இடத்துல எந்த நூல்னு பேரு சொல்றதில்ல, "என்றார் பிறரும்"னு போயிருவாரு. படிக்கிறவனுக்கு அது மனப்பாடம்னு நெனைச்சு எழுதுனது. உ.வே.சா. 1887ல வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்கு வேலை பண்ணும்போது அந்த வரியெல்லாம் எங்க இருந்து வருதுன்னு தெரியாம தவிச்சிருக்காரு, பின்னால எட்டுத்தொகை, பத்துப்பாட்டுச் சுவடி கையில கிடைச்சுப் படிக்கும்போதுதான் "அட, இந்த வரி அங்க பாத்தோமே"ன்னு ஒவ்வொண்ணா பிடிபட்டிருக்கு. யோசிச்சுப் பாருங்க சார், லிங்க் இருக்கு, போய்ச் சேர வேண்டிய பக்கம் ஏதோ ஒரு வீட்டுப் பரண்ல செல்லரிச்சுக் கெடக்கு. அந்தப் பக்கத்தை ஊர் ஊரா நடந்து தேடி எடுத்துட்டு வந்து சேத்தாரு. அவரு பதிப்பு பின்னால போடுற அரும்பத அகராதியைப் பாத்தா, ஒரு சொல்லு எந்தெந்தப் பாட்டுல வருதுன்னு திரும்பிப் போற வழியும் இருக்கும். உரைக்காரர் போட்டது போற வழி, சாமிநாதையர் போட்டது திரும்புற வழி. அதனால உங்க கேள்விக்கு என் பதில், ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன், தட்டினதும் திறக்குறது மெஷினாலதான் முடியும், ஆனா மேற்கோள் எதுக்காகக் காட்டுறேன்னு உரைக்குள்ளயே சொல்லிட்டுப் போற பழக்கம் நம்ம உரைகாரங்க கிட்ட இருந்தது, இப்ப உள்ள சாஃப்ட்வேர்க்காரங்க பலருக்கு அது இல்ல.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதுறேன். ஜோட்டெரோவுல தமிழ் பிடிஎஃப் போட்டுத் தேடினா ஒண்ணுமே வர மாட்டேங்குது, கண்ணுக்கு முன்னாடி வார்த்தை தெரியுது, தேடினா இல்லைங்குது. மலையாளக் கட்டுரையிலயும் சிலதுல இதே கதை. ஆசிரியர் பேரும் தலைகீழா வருது. என்ன பண்றது?

பதில்: தம்பி, மூணு தனித்தனி வியாதி இது. தமிழ் பிடிஎஃப் பழசா இருந்தா யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்குற பொது முறை) வர்றதுக்கு முன்னால இருந்த ஃபாண்ட்ல அடிச்சிருப்பாங்க, கண்ணுக்கு அ ஆ தெரியும், உள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்தும் குறியும்தான். ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, குப்பையா வந்தா இதுதான் விஷயம். யூனிகோடுல செஞ்ச பிடிஎஃப்லயும் சிலதுல கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டும். ரெண்டுக்கும் மருந்து ஓசிஆர், அதாவது பக்கத்தைப் படமா பாத்து எழுத்தைக் கண்டுபிடிக்கிறது, கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தா எழுத்தா மாத்திக் குடுக்கும், டெசராக்ட்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அது தமிழும் மலையாளமும் ரெண்டும் படிக்கும். நூறு பக்கப் புத்தகத்துக்கு இவ்வளவு மெனக்கெட முடியலைன்னா, ஜோட்டெரோவுல அந்தப் புத்தகத்தோட நோட்டுல நீங்களே ஆறேழு முக்கிய வார்த்தையும் பக்க எண்ணும் டைப் பண்ணி வச்சிருங்க, தேடும்போது நோட்டு சிக்கும்.

மலையாளத்துக்கு வேற காரணம். சில்லெழுத்து இருக்கு பாருங்க, உயிர் சேராம நிக்கிற ன், ர், ல், ள், ண் அஞ்சும், அதுக்குத் தனி எண் யூனிகோடுல 2008லதான் குடுத்தாங்க. அதுக்கு முன்னால அடிச்சதுல வேற முறை. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேற வேற. தமிழ்ல ஸ்ரீ எழுத்துக்கும் இதே தொல்லை உண்டு, ரெண்டு விதமா அடிக்கலாம், பத்மநாபசாமி கோயில் சம்பந்தமா படிக்கிறவங்க இதுல மாட்டாம இருக்க முடியாது. அதனால ஸ்ரீயை விட்டுட்டு "பத்மநாப"ன்னு மட்டும் தேடுங்க, சில்லெழுத்து இல்லாத துண்டைக் குடுத்துத் தேடுங்க.

பேரு விஷயம்தான் எனக்கு மனசு வலிக்கிற விஷயம். சாஃப்ட்வேர் கடைசி வார்த்தையை குடும்பப் பேருன்னு எடுத்துக்குது. திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் எழுதுன வி. நாகமய்யா இங்கிலீஷ் பட்டியல்கள்ல "அய்யா, வி. நாகம்"னு ஆகிட்டாரு, 1940ல அடுத்த மேனுவல் எழுதுன டி. கே. வேலுப்பிள்ளை "பிள்ளை, டி. கே. வேலு". நாகம்ங்கிறது அவரு முதல் பேரு, அய்யா குடும்பப் பேருன்னு எவனோ நெனைச்சுக்கிட்டான், நாமளும் அதைப் பாத்து காப்பி அடிக்கிறோம். ஜோட்டெரோவுல ஆசிரியர் பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதைத் தட்டினா ரெண்டு கட்டம் ஒரே கட்டமா மாறும், முழுப் பேரையும் அதுல போடலாம். துணைநூல் பட்டியல் பேருல தொடங்கணும்னா ரெண்டு கட்டமாவே வச்சுக்கிட்டு குடும்பப் பேரு கட்டத்துல வேலுப்பிள்ளைன்னு சேத்துப் போடுங்க, இனிஷியலை மத்த கட்டத்துல. ஒரு தடவை திருத்துனா போதும்.

கேள்வி: மூணாறுல காலேஜ் டீச்சர். படிக்கும்போது ஹைலைட் பண்ணாம இருக்க முடியல, முடிச்சுப் பாத்தா பக்கமே மஞ்சளா இருக்கு. கலர் கலரா பிரிச்சா சரியாகுமா?

பதில்: ஓரளவு ஆகும் டீச்சர். நான் ரெண்டே கலர் வச்சிருக்கேன், மஞ்சள்னா ஆசிரியர் சொல்ற வாதம், சிவப்புன்னா எனக்கு சந்தேகம். மூணாவது கலர் வச்சா எது என்னன்னு நெனைவு வைக்கிறதுலயே நேரம் போகுது. ஆனா கலரை விட முக்கியம், ஹைலைட் பண்ணுன இடத்துல குறிப்புக் கட்டம் திறக்கும்ல, அதுல அஞ்சாறு வார்த்தை உங்க பேச்சுலயே எழுதுறது. தோட்டத் தொழிலாளர் கூலியைப் பத்தி படிச்சுட்டு "இது எங்க அம்மா சொன்னதுக்கு நேர் எதிர்"னு எழுதி வச்ச ஒரு மாணவியோட நோட்டைப் பாத்திருக்கேன், அந்தப் பிள்ளையோட கட்டுரை அந்த ஒரு வரியில இருந்துதான் ஆரம்பிச்சுது. எழுத ஒண்ணும் தோணலையா, அந்த ஹைலைட் வேண்டாம், அழிச்சிருங்க.

கேள்வி: பாறசாலையில இருந்து. நான் பாக்குற ஓலையிலயும் பழைய பத்திரத்துலயும் எல்லாம் கொல்லம் ஆண்டுதான், மலையாள வருஷக் கணக்கு. ஜோட்டெரோவுல 1034ன்னு போட்டா ஏதோ சோழர் காலம் மாதிரி மேல போய் உக்காந்துக்குது. எப்படிப் போடணும்?

பதில்: தேதிக் கட்டத்துல இங்கிலீஷ் வருஷம்தான் போடணும், கொல்லம் ஆண்டை எக்ஸ்ட்ராங்கிற கட்டத்துல ஓலையில உள்ளபடியே எழுதணும். மாத்துற கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், புதுசா வர்றவங்களுக்காகச் சொல்றேன். கொல்லம் தொடங்குனது கி.பி. 825. நம்ம தெக்க சிங்கத்துல, அதாவது ஆவணியில, வருஷம் பிறக்கும். அதனால சிங்கத்துல இருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தேதின்னா 824 கூட்டணும், ஜனவரியில இருந்து கர்க்கடகம், அதாவது ஆடி முடிய உள்ள தேதின்னா 825 கூட்டணும். மேல சொன்ன 1859 ஜூலை பிரகடனம் 1034 கர்க்கடகம், 825 கூட்டினா 1859 வந்துரும். கன்னியாகுமரி ஜில்லாவும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோட சேந்த 1956 நவம்பர் 1, அது 1132 துலாம், அதாவது ஐப்பசி, 824 கூட்டணும். தனு மாசம், அதாவது மார்கழி, மட்டும் டிசம்பர் நடுவுல தொடங்கி ஜனவரி நடு வரைக்கும் வரும், அதுல நாளு தெரியாம வருஷத்தை முடிவு பண்ணாதீங்க. மாசமே இல்லாம 1034ன்னு மட்டும் இருந்தா 1858–59னு ரெண்டையும் போடுங்க, ஒண்ணைத் தேர்ந்தெடுத்துப் போட்டுட்டா பின்னால படிக்கிறவன் அதை உறுதின்னு நம்பிருவான். வட மலபார் ஆவணம் கையில வந்தா இன்னும் கவனம் வேணும், அங்க வருஷப் பிறப்பு கன்னியில, அதாவது புரட்டாசியில.

மாத்துன கணக்கை நோட்டுல ஒரு வரியா எழுதி வைங்க, "கர்க்கடகம், அதனால 825". நான் இதை எழுதாம விட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு ஒரே பத்திரத்துக்கு ரெண்டு வருஷம் போட்டிருக்கிறதைப் பாத்து, எது சரின்னு தெரியாம மறுபடியும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறியிருக்கேன்.

கேள்வி: நாகர்கோவில். ஜோட்டெரோவுல நூத்துக்கணக்குல ஹைலைட் பண்ணியிருந்தேன், அந்த பிடிஎஃப்பை பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் ஃபிரெண்டு கம்ப்யூட்டர்ல திறந்தா வெள்ளையா இருக்கு. எல்லாம் போச்சா? பயமா இருக்கு.

பதில்: போகல, அங்கயேதான் இருக்கு. ஜோட்டெரோ ஹைலைட்டை பிடிஎஃப்புக்குள்ள எழுதுறதில்ல, தன்னோட டேட்டாபேஸ்ல வைக்குது. வெளிய எடுக்கும்போது எக்ஸ்போர்ட் பிடிஎஃப் குடுத்து எடுத்தா ஹைலைட்டும் சேந்து வரும். இன்னொரு எச்சரிக்கை, ஜோட்டெரோவோட டேட்டா ஃபோல்டரை அப்படியே டிரைவ்லயோ டிராப்பாக்ஸ்லயோ வச்சு ஓட்டாதீங்க, டேட்டாபேஸ் கெட்டுப் போகும்னு அவங்களே சொல்றாங்க. ஜோட்டெரோவோட சொந்த சிங்க் வசதியைப் போடுங்க, குறிப்பு, பட்டியல் எல்லாம் எவ்வளவு வேணும்னாலும் இலவசம், பிடிஎஃப் மட்டும் 300 எம்பி வரைக்கும்தான். மாசம் ஒரு தடவை ஜோட்டெரோவை மூடிட்டு அந்த ஃபோல்டரை ஒரு ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க.

உங்க பயம் எனக்கு நல்லாவே புரியும். ஒரு காலத்துல வேற ஒரு நோட்ஸ் ஆப், பேரு வேண்டாம், அதுல ஆறு வருஷம் எழுதுனேன், ஆயிரத்துக்கு மேல குறிப்பு, எல்லாத்துலயும் லிங்க். ஒரு நாள் மெயில் வந்துது, சேவையை நிறுத்துறோம், முப்பது நாளைக்குள்ள எடுத்துக்கோங்கன்னு. எடுத்தேன். எழுத்து எல்லாம் வந்துது, லிங்க் ஒண்ணு கூட வரல. எந்தக் குறிப்பு எதோட சேந்ததுன்னு தெரியாம ஒவ்வொண்ணா திறந்து பாத்துட்டு இருந்த அந்த ராத்திரிகளை மறக்க மாட்டேன். அதுல பொழைச்சது எதுன்னா, எங்க எங்க "இது இன்னாரு சொன்னதுக்கு எதிரா இருக்கு, அதைப் பாரு"ன்னு வார்த்தையில எழுதி வச்சிருந்தேனோ அதெல்லாம்தான். லிங்க் போனாலும் வரி நின்னுது. அன்னையில இருந்து எழுதுறது எல்லாம் சாதா எழுத்து ஃபைல்தான், ஆப்சிடியன் அப்படித்தான் வைக்குது, நாளைக்கு அது இல்லாமப் போனாலும் நோட்பேட்ல திறந்து படிக்கலாம், சதுர அடைப்புக்குறி அப்படியே தெரியும்.

கேள்வி: குப்பம் பக்கத்துல இருந்து எம்.ஏ. மாணவன். லேப்டாப் கிடையாது, ஃபோன் மட்டும்தான். ஸெட்டில்காஸ்டன்னு குறிப்பெடுக்குற ஒரு முறை சொல்றாங்களே, அதுக்கு கம்ப்யூட்டர் வேணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த முறையில பேரு வாங்குன நிக்லாஸ் லூமன் ஜெர்மனியில சமூகவியல் பேராசிரியர், 1998ல இறந்து போனாரு, அவரு வச்சிருந்தது மரப்பெட்டியும் காகிதச் சீட்டும்தான், ஏறக்குறைய 90,000 சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு எண், ஒரு சீட்டுல இன்னொரு சீட்டோட எண்ணை எழுதிட்டா அதுதான் லிங்க். இப்ப அது பீலஃபெல்ட் யுனிவர்சிட்டியில இருக்கு. கம்ப்யூட்டரே இல்லாத ஹைப்பர்டெக்ஸ்ட்னு சொல்லலாம்.

ஃபோன்லயும் ஜோட்டெரோ உண்டு, ஆப்சிடியனும் உண்டு, படிக்கவும் சின்னக் குறிப்பு போடவும் அது போதும். தீசிஸ் படிக்கணும்னா சோத்கங்காவுல தேடுங்க, இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்டி தீசிஸ் எல்லாம் அங்க ஏத்துறாங்க, குப்பத்துல திராவிடப் பல்கலைக்கழக லைப்ரரியும் பக்கத்துலயே இருக்கு. நீளமா எழுத ஃபோன்ல விரல் வலிக்கும், அதுக்கு பழைய காலண்டர் அட்டையை நாலா வெட்டிக்கோங்க, ஒரு அட்டைக்கு ஒரே விஷயம். மேல இடப்பக்கம் எண், வலப்பக்கம் புத்தகம், பக்கம். நடுவுல உங்க சொந்த வாக்கியம், தெலுங்குல படிச்சதைத் தமிழ்ல எழுதுங்க, மொழி மாத்தும்போதே புரிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுரும். கீழ "12ஐப் பாரு"ன்னு மட்டும் எழுதாதீங்க, "12ல சொன்ன ஊர்ப்பேரு இங்க வேற மாதிரி வருது, ஏன்"னு எழுதுங்க. அப்படி அம்பது அட்டை சேந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்க, லேப்டாப் வாங்கும்போது அதை எப்படி உள்ள ஏத்துறதுன்னு அடுத்த இதழ்கள்ல ஒண்ணுல சொல்லித் தர்றேன்.